ஆறு வாரமாக மாறிப்போன காலைக்கடன்: இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 52 வயது அன்பர். அவர் எழுதியதன் சுருக்கம் இது. காலைத் தேநீர் குடித்ததும் ஒரே ஒரு முறை மலம் கழிப்பது பல ஆண்டுகளாக அவருடைய வழக்கம். தைப்பூசக் காவடிக்காக விரதம் இருந்து முடித்த பின் அந்த வழக்கம் மாறிவிட்டது. ஆறு வாரம் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சில நாள் மூன்று நான்கு முறை இளகிப் போகிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. போய்விட்டு வந்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. இரண்டு முறை துடைத்த தாளில் சிவப்பு தெரிந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அவருடைய தகப்பனார் 58 வயதில் குடலில் கட்டி கண்டு இறந்தவர். வீட்டில் எல்லோரும் மூலம் என்று முடிவு கட்டிக் களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "இன்னும் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?" என்பது அவர் கேள்வி.

இனிப் பொறுக்க வேண்டாம் ஐயா. இந்த வாரத்திலேயே போய்க் காட்டுங்கள். மாற்றம் மூன்று வாரத்தைத் தாண்டி நீடிப்பது, வயது 45ஐக் கடந்திருப்பது, ரத்தம் தென்பட்டது, தகப்பனாருக்கு 60 வயதுக்கு முன்பே குடல் கட்டி வந்தது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலே மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். உங்களிடம் நான்கும் இருக்கின்றன. இதனால் உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இதே அறிகுறிகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் தெரிய வருவது மூலமோ, ஆசனவாய் வெடிப்போ, மாத்திரையின் பக்கவிளைவோ, குடலின் எரிச்சலோதான். எனினும் அந்தப் பெரும்பாலோரில் நீங்கள் ஒருவரா என்பதை உள்ளே பார்க்காமல் நானோ, உங்கள் வீட்டாரோ, களிம்பு விற்ற கடைக்காரரோ சொல்ல முடியாது.

எது இயல்பு என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலருடைய கவலையும் பலருடைய அலட்சியமும் அங்கேதான் பிறக்கின்றன. தினம் ஒரு முறை போயே தீர வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வளர்த்துவிட்ட நம்பிக்கை. நாளுக்கு மூன்று முறை போகிறவரும், வாரத்துக்கு மூன்று முறை மட்டும் போகிறவரும், சிரமமும் வலியும் இல்லாத வரை, நலமாக இருப்பவர்களே. எண்ணிக்கையைவிட வடிவம் அதிகம் பேசும். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்டது. ஆட்டுப் புழுக்கை போன்ற தனித்தனிக் கட்டிகள் முதல் வகை. வெறும் நீராகப் போவது ஏழாவது வகை. வெடிப்புகளோடு கூடிய நீள்வடிவமான மூன்றாவதும், மிருதுவான நான்காவதும் குடல் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மருத்துவரிடம் "சரியில்லை" என்று சொல்வதைவிட "முன்பு நாலாம் வகை, இப்போது ஆறாம் வகை" என்று சொல்வது பல நிமிட விசாரணையை மிச்சப்படுத்தும். ஆகவே உங்களை அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். போன வருடத்து உங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக இரண்டு நாளுக்கொரு முறை போகிறவர் அப்படியே தொடர்ந்தால் கவலையில்லை. அவரே ஒரு மாதமாகத் தினம் மூன்று முறை போகிறார் என்றால், அந்த மூன்று என்ற எண் இயல்பின் எல்லைக்குள் இருந்தாலும், அவருக்கு அது மாற்றம்தான்.

சிறிய காரணத்துக்குக்கூட வடிவம் இவ்வளவு மாறுவது ஏன் என்று கேட்பீர்கள். நாம் குடிக்கும் நீரும், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் ஆகியவையும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் மட்டும் பெருங்குடலுக்கு வந்து, அங்கேயும் வற்றி, கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லிலிட்டர்தான். குடல் சற்று வேகமாகத் தள்ளினால் உறிஞ்ச நேரம் இல்லாமல் இளகிப்போகும். சற்று மெதுவானால் வற்றிக் கட்டியாகும். இந்த வேகத்தைத் தூக்கமும், கவலையும், இரவு வேலையும், தைராய்டும், மாத்திரையும், சாப்பாடும் மாற்றக்கூடும். காலைத் தேநீருக்குப் பின் உந்துதல் வருவதும் நோயில்லை. இரைப்பை நிறையும்போது பெருங்குடல் சுருங்குவது உடம்பின் இயல்பான அனிச்சைச் செயல்.

விரதத்துக்கு வருகிறேன். காவடி நாட்களிலும் புரட்டாசியிலும் நம் வீடுகளில் மீனும் இறைச்சியும் நின்று, பருப்பும் பீன்ஸும் பாலும் தயிரும் கூடும். நார்ச்சத்து திடீரென்று அதிகமானால் காற்றும் பொருமலும் வரும். நம்மில் பலருக்கு வயது ஏற ஏறப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவதால், பால் கூடினால் பேதியும் ஆகலாம். ஆனால் உணவால் வந்த மாற்றம் பழைய உணவுக்குத் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிட வேண்டும். விரதம் முடிந்து ஆறு வாரம் கழித்தும் பழியை விரதத்தின்மேல் போட முடியாது. நோய் தொடங்கிய நாளும் விரதம் முடிந்த நாளும் அருகருகே அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். மனித மனம் அருகருகே நடந்தவற்றை முடிச்சுப் போட்டுவிடும்.

மெட்ஃபார்மின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தொடக்கத்தில் வயிற்றைக் கலக்குவதற்குப் பெயர்போன மாத்திரை அது. ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போன பிறகு திடீரென்று பேதியை உண்டாக்குவதும் உண்டு. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிவிடும். ஆயினும் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறிவிடும், ரத்தம் வந்ததற்கும் மெட்ஃபார்மின் விடை சொல்லாது. மறுபக்கம், கட்டிப்போகச் செய்யும் மருந்துகளும் ஏராளம். தென்னாப்பிரிக்காவில் மருந்தகங்களில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வலி மாத்திரைகள் சிலவற்றில் கோடீன் கலந்திருக்கிறது; முதுகு வலிக்கென்று அதை மாதக்கணக்கில் விழுங்குகிறவர் மலச்சிக்கலுக்குத் தனியாக மருந்து தேடுவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் குடலை மந்தமாக்கும். ஆன்டிபயாடிக் முடித்த சில வாரத்துக்குள் கடும் பேதி தொடங்கினால் அது தனி வகை. அதை உடனே சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை டப்பாக்களையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இனி ரத்தம். முதலில் அது ரத்தம்தானா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரையானியோடும், பிராய் என்னும் தணலில் சுட்ட இறைச்சியோடும் இந்த நாட்டில் பீட்ரூட் சாலட் இல்லாத மேசை அரிது. மறுநாள் கழிப்பறையில் நீர் முழுக்க ஊதாச் சிவப்பாகிப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. பீட்ரூட் மலம் முழுவதிலும் கலந்து வரும், சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும், இரண்டு நாளில் மறைந்துவிடும். தாளில் தெரிந்த சிவப்பு அப்படிப்பட்டது அன்று. கருப்பும் அதேபோலத்தான்: இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கரும்பச்சையாக, சற்று உலர்ந்து போகும். தார்போல் பளபளத்து, பிசுபிசுவென்று ஒட்டி, வீடு முழுக்க நாறுகிற கருப்பு மலம் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்து செரித்து வருவது. அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கடைகளில் சிறு காகிதப் பொட்டலமாக விற்கும் தலைவலிப் பொடிகளில் ஆஸ்பிரின் இருக்கும் என்பதை அறியாமல் தினம் இரண்டு மூன்று கரைத்துக் குடிக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கருப்பு மலம் வருவது புதிதில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் இதையே செய்யும்.

சிவப்பாக வருவதில் பெரும்பகுதி மூலமே என்பது உண்மை. மூலத்தின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, மலத்தோடு கலக்காமல் தாளிலும் பீங்கானிலும் சொட்டும், பெரும்பாலும் வலிக்காது. ஆசனவாய் வெடிப்பு என்றால் கண்ணாடிச் சில்லால் கீறுவதுபோல் வலித்து, போன பிறகும் ஒரு மணி நேரம் எரியும். மலத்துக்குள்ளேயே கலந்திருக்கும் கருஞ்சிவப்பு, சளியோடு சேர்ந்த ரத்தம், கட்டிகட்டியான ரத்தம் ஆகியவை மேலேயிருந்து வருபவை. இந்த வேறுபாடுகள் மருத்துவருக்குத் துணை செய்யுமே தவிரத் தீர்ப்பு ஆகா. காரணம் எளியது: மலக்குடலில் இருக்கும் கட்டியும் ஆசனவாய்க்குச் சில அங்குலம் மேலேதான் இருக்கிறது, அதன் ரத்தமும் பளிச்சென்றே வரும். மேலும், மூலம் இருக்கிற ஒருவருக்குக் கட்டியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று வராமல் போவதில்லை. "பத்து வருஷமாக எனக்கு மூலம் டாக்டர்" என்ற வாக்கியத்தால் தாமதமாக வந்தவர்களை டர்பன் மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளில் நான் நிறையப் பார்த்துவிட்டேன். மூலம் என்றால் ரத்தம் வருவதற்கு ஒரு விளக்கம் கிடைக்கும். ஆறு வாரமாக வழக்கம் மாறியதற்கு மூலம் விளக்கமாகாது. உங்கள் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வைக் கேட்டால் எந்த மருத்துவரும் மலக்குடலைப் பார்க்காமல் விடக் கூடாது; அங்கே ஏதாவது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் குடல் அதையும் மலமென்று எண்ணித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு மொட்டாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாறச் சாதாரணமாகப் பத்து ஆண்டுகள் அளவில் ஆகும். அந்தக் காலத்துக்குள் பார்த்துக் கிள்ளி எடுத்துவிட்டால் நோயே வராமல் போகும். வேறு பல புற்றுநோய்களுக்கு இல்லாத சலுகை இது. இடப்பக்கக் குடலில் வளர்ந்தால், அங்கே மலம் இறுகியிருப்பதால், வழக்கம் மாறுவதும் ரத்தம் தெரிவதும் முன்கூட்டியே நேரும். வலப்பக்கத்தில் வளர்ந்தால் அங்கே மலம் கூழாக இருப்பதால் தடையே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசிந்து, மனிதர் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்று தெரிந்தால், வெறும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது. குடலையும் இரைப்பையையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களை நாடு முழுக்கக் கூப்பிட்டுப் பெருங்குடலைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இல்லை. கடிதம் வீடு தேடி வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். அமெரிக்க வல்லுநர் குழு 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்ததற்குக் காரணம், இளையவர்களிடம் இந்நோய் கூடிவருவதுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் வந்திருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்குவது நல்லது. அந்தக் கணக்கில் உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

வயது குறைந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. இருபது, முப்பது வயதில் வாரக்கணக்கில் ரத்தமும் சளியுமாகப் போவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, முயலாமலே எடை குறைவது, மாலையில் காய்ச்சல் ஆகியவை குடலழற்சி நோயாக இருக்கலாம். இந்த நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் குடல் காசநோயும் அதே முகத்தோடு வரும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது, ஆகவே சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்காமல் ஊகத்தில் மருந்து தொடங்குவது ஆபத்து. ஐம்பதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாக வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்து, மலப்பழக்கமும் மாறினால், குடலை மட்டும் பார்த்து நிறுத்தாமல் சினைப்பையையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

திடீரென்று பிடிக்கும் பேதி வேறு கதை. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் கிருமியால் வந்து ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து அவ்வூர் மக்கள் பல மாதம் தண்ணீர் லாரியை நம்பியிருந்ததை அங்கே உறவினர் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே முதல் மருந்து. உடம்பிலிருந்து போகும் நீரை ஈடுசெய்ய, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 8 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பைக் கை அளவில் போடாதீர்கள். கூடினால் குழந்தைக்குக் கெடுதல். காய்ச்சலோடு ரத்தபேதி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, குழந்தையின் கண் குழிவிழுந்துவிட்டது என்றால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அமீபாவால் வரும் சீதபேதிக்கும் டர்பனுக்கும் பழைய தொடர்பு உண்டு. மெட்ரோனிடசோல் என்ற மருந்து அந்நோயையும் அதனால் கல்லீரலில் வரும் சீழ்க்கட்டியையும் குணப்படுத்துகிறது என்பதை 1966இல் உலகுக்கு அறிவித்தவர்கள் டர்பன் மருத்துவர்கள்தாம். அந்தப் பெருமையின் மறுபக்கம் என்னவென்றால், நம் வீடுகளின் அலமாரிகளில் அந்த மாத்திரை பாதி அட்டையாக எப்போதும் கிடக்கிறது. வயிறு கலங்கினால் யாரையும் கேட்காமல் இரண்டு விழுங்குகிறார்கள். ஒரு நாள் குறைந்ததுபோல் தோன்றும், உண்மையான காரணம் மறைந்து நிற்கும். நான்கு வாரம் தாண்டிய பேதியை மாத்திரை போட்டு அடக்குவது எந்த நிலையிலும் சரியில்லை.

மலச்சிக்கலில் பெரியவர்களைப் பற்றிய ஒரு செய்தி முக்கியமானது. எண்பது வயது ஆயா ஒருவருக்குத் தினமும் துணியில் நீராகக் கசிகிறது என்று பேதி நிறுத்தும் மாத்திரை கொடுக்கிறார்கள். உண்மையில் மலக்குடலில் கல்லாக இறுகிய மலம் அடைத்திருக்கிறது, மேலேயுள்ள நீர் மட்டும் அதைச் சுற்றி வழிகிறது. மாத்திரை அடைப்பை மேலும் இறுக்கும். கையுறை அணிந்த ஒரு விரலால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: மாதம் ஒரு முறை வயிற்றைக் கழுவ வேண்டும் என்று விளக்கெண்ணெயும், எப்சம் உப்பும், சந்தையில் வாங்கிய மூலிகைக் கஷாயத்தை எனிமாவாகவும் ஏற்றுகிறார்கள். குடல் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் உறுப்பு. சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் சில உயிருக்கே தீங்கு செய்யும்.

வயிறு உப்பி, முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் இரண்டுமே நின்றுவிட்டால் அது குடலடைப்பு. பேதி மருந்து கொடுத்துப் பார்க்கும் நேரம் அதுவன்று. கொடுத்தால் குடல் கிழியலாம். அரசு ஆம்புலன்ஸ் எண் 10177, கைப்பேசியிலிருந்து 112. நிறைய ரத்தம் கொட்டுவதற்கும், தார்போன்ற மலத்தோடு மயக்கம் வருவதற்கும் இதே எண்கள்தாம். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் கருத்து, கண் மஞ்சளித்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதே நாளில் காட்ட வேண்டும்.

எரிச்சல் குடல் நோய் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, கூடவே எண்ணிக்கையோ வடிவமோ மாறுவது, இவை மாதக்கணக்கில் தொடர்வது ஆகியவையே அதன் அடையாளம். ரத்தமோ, எடை இழப்போ, இரவுப் பேதியோ அதன் கணக்கில் சேராது. ஐம்பதைக் கடந்து முதல்முறையாக வரும் மாற்றத்துக்கு, வேறு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். டெனிஸ் பர்கிட், நீல் பெயின்டர், ஜோகன்னஸ்பர்க்கில் பணியாற்றிய ஏ. ஆர். பி. வாக்கர் ஆகிய மூவர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ட ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்கு உணவு உள்ளே போய் வெளியேற ஒன்றரை நாள் அளவே ஆனதையும், வெள்ளை ரொட்டியில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்கள் சிலருக்கு மூன்று நாளுக்கும் மேல் ஆனதையும் காட்டினார்கள். நம் பாட்டன்மார் பருப்பும் மக்காச்சோளக் குருணையும் தோட்டத்துக் கீரையும் சாப்பிட்டுக் கரும்புக்காட்டில் உழைத்தார்கள். இன்று வெள்ளை ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றிய பன்னி சோவும், சிப்ஸும், பிள்ளைகளுக்குப் போலோனியும் என்று ஆகிவிட்டது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015இல் அறிவித்தது. போலோனியும் வியன்னா சாசேஜும் அந்த வகையே. பீன்ஸ், தவிட்டு ரொட்டி, கீரை, பப்பாளி, போதிய தண்ணீர், உந்துதல் வந்ததும் தள்ளிப்போடாமல் போவது, பாதத்துக்குக் கீழே ஒரு சிறு முக்காலி ஆகியவை சாதாரண மலச்சிக்கலுக்குப் போதும், போதாவிட்டால் இசப்கோல். நாரை மெதுவாகக் கூட்டுங்கள். இவை எவையும் இப்போதைய உங்கள் நிலைக்குச் சிகிச்சை அல்ல.

எங்கே போவது? மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் குடும்ப மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் காலையிலேயே உங்கள் பகுதிக் கிளினிக்குக்குப் போனால், அங்கே பார்க்கும் செவிலியர் ஆர். கே. கான் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். வரிசையில் நிற்கும்போது பின்னால் உள்ளவர் காதில் விழுமே என்ற கூச்சத்தில் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வலி மாத்திரையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஆகவே ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: ஆறு வாரமாக மாற்றம், நாளுக்கு எத்தனை முறை, எந்த வகை, ரத்தம் எத்தனை முறை, எடை குறைந்ததா, தகப்பனாருக்கு 58 வயதில் குடல் கட்டி. கடைசி வரியைக் கடிதத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, காத்திருப்போர் பட்டியல் நீளமானது, யாரை முன்னே எடுப்பது என்று முடிவு செய்கிறவர் அந்தக் கடிதத்தைத்தான் பார்க்கிறார். பேத்தியையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் பேச நம் பெரியவர்கள் தயங்குவார்கள். அவர்களுக்கும் இந்தத் தாள் உதவும்.

முதல் நாளில் வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். இடப்பக்கம் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மசகு தடவிய விரலால் மலக்குடலைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, வலிக்காது. அதைச் செய்யாமலே மூலம் என்று எழுதினால், பார்த்துவிட்டு எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் கேட்பதில் தவறில்லை. ரத்த எண்ணிக்கை, இரும்பு அளவு, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். மலத்தில் மறைந்த ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அறிகுறி இல்லாதவருக்கு அது நல்ல கருவி. கண்ணுக்கே ரத்தம் தெரிந்த உங்களுக்கு அதில் "இல்லை" என்று வந்தாலும் கொலனோஸ்கோப்பியைத் தவிர்க்க அது சாக்காகாது.

கொலனோஸ்கோப்பிக்கு நாள் குறித்தால், மெடிக்கல் எய்ட் உள்ளவர் முன்கூட்டியே அனுமதி எண் வாங்கிவிட வேண்டும். சோதனையைவிட அதற்கு முந்தைய நாள்தான் கடினம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விதை, தோல், பீன்ஸ், கீரை, தக்காளி, தவிட்டு ரொட்டி வேண்டாம். வெள்ளைச் சோறும் வெள்ளை ரொட்டியும் அந்த நாட்களுக்கு மட்டும் நல்லவை. முந்தைய நாள் பால் சேர்க்காத தேநீர், தெளிந்த ஆப்பிள் சாறு, வடிகட்டிய சூப் மட்டுமே. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் உள்ளே ரத்தம்போல் தெரியும் என்பதால் கூடாது. கழுவும் கரைசலில் பாதியை இரவிலும் பாதியை விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். உவர்ப்பாக இருக்கும், குளிரவைத்தால் இறங்கும். மஞ்சள் நீராகப் போகும் வரை குடித்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாமல் மறுபடி வரச் சொல்வார். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், அந்த ஒன்றரை நாள் மெட்ஃபார்மினை எப்படி எடுப்பது என்று நாள் குறிக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்கலாம். இரும்பு மாத்திரை இருந்தால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

சோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பதால் அன்றைக்கு நீங்கள் வண்டி ஓட்ட முடியாது. வீட்டில் ஒருவரை அழைத்துப் போங்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள், சதைப் பரிசோதனை முடிவு பின்னால் வரும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அதில் என்ன வந்தாலும், ஒரே தகப்பனுக்குப் பிறந்த உங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளில் 40 வயது தாண்டியவர்கள் எல்லோரும், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், தங்கள் மருத்துவரிடம் தகப்பனாரின் நோயைச் சொல்லிப் பரிசோதனை கேட்க வேண்டும். உங்கள் அறிக்கையில் ஏதாவது இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் தொடங்குவது என்பதையும் அந்த மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.